பல லட்சம் பதிவுகளைப் பக்கம் பக்கமாகக் காட்டுவது எப்படி: பேஜினேஷனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பில் போடும் ஒரு வெப் அப்ளிகேஷனை எடுத்துக்கொள்வோம். பல கிளைகள் உள்ள கடை, எல்லாக் கிளைகளின் பில்லும் ஒரே டேபிளில். டேபிளின் பெயர் பில்கள். ஐடி, கடை_ஐடி, நேரம், தொகை, நிலை என்று ஐந்து ஃபீல்டுகள். சில நூறு பில் இருக்கும்வரை எப்படி எழுதினாலும் திரை பளிச்சென்று வரும். பதிவுகள் 50 லட்சத்தைத் தொட்டதும் முதல் பக்கம் உடனே வருகிறது, கடைசிப் பக்கத்தைக் கேட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைவிட மோசம், சில பில்கள் இரண்டு பக்கங்களில் வருகின்றன, சில எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பக்க எண் என்று ஒன்று இருப்பதே டேட்டாபேஸுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வரிசை. அந்த வரிசையை ஒழுங்காக முடிவு செய்து, அதற்கு ஏற்ற இன்டெக்ஸ் (பதிவுகளைச் சட்டென்று தேட உதவும், அடுக்கி வைத்த பட்டியல்) போட்டு, விட்ட இடத்தைச் சரியாக நினைவில் வைத்துக்கொண்டால் 50 லட்சம் ஆனாலும் 5 கோடி ஆனாலும் அடுத்த பக்கம் ஒரே வேகத்தில் வரும்.

குவெரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் எஸ்கியூஎல் மொழியில் கேட்கும் கேள்விகளை, தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் வழக்கமான எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: வரிசையைத் தீர்மானிப்பது

பலரும் தாண்டிப் போகும் படி இது. ஆர்டர் பை (எந்த வரிசையில் வேண்டும் என்று சொல்லும் பகுதி) இல்லாத குவெரிக்கு எந்த வரிசையும் கிடையாது. இன்று ஐடி வரிசையில் வந்தது நாளைக்கு வேறு மாதிரி வரலாம், அது டேட்டாபேஸின் தவறு அல்ல. இதுவரைக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆர்டர் பை நேரம் என்று மட்டும் எழுதினாலும் போதாது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

மாலை 6 மணிக்கு ஒரே விநாடியில் மூன்று பில் விழுகிறது என்று வையுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் டேட்டைம் (தேதியும் நேரமும்) ஃபீல்டு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், முழு விநாடிவரைதான் சேமிக்கும். ஆக மூன்றுக்கும் நேரம் ஒன்றே. அந்த மூன்றுக்குள் எது முன்னே, எது பின்னே என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் தன் வசதிப்படி அடுக்கலாம். லிமிட் (எத்தனை பதிவு வேண்டும் என்ற வரம்பு) இருக்கும்போது ஒரு அடுக்கு, இல்லாதபோது வேறு அடுக்கு என்றுகூட வரலாம் என மைஎஸ்கியூஎல் ஆவணமே எச்சரிக்கிறது. பக்கத்தின் விளிம்பு இந்த மூன்றுக்கு நடுவில் விழுந்தால் ஒரு பில் இரண்டு பக்கத்திலும் தெரியும், இன்னொன்று காணாமல் போகும்.

தீர்வு எளிது. வரிசையின் கடைசியில் எப்போதும் தனித்துவமான ஒரு ஃபீல்டைச் சேருங்கள் (டெஸ்க் என்றால் இறங்குமுகம், புதியது முதலில்):

ஆர்டர் பை நேரம் டெஸ்க், ஐடி டெஸ்க்

ஐடி இரண்டு பதிவுகளுக்கு ஒன்றாக இருக்க முடியாது என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டு ஃபீல்டும் ஒரே திசையில் போகட்டும். அதன் பலன் படி 4-இல் தெரியும். வரிசைக்குப் பயன்படுத்தும் ஃபீல்டுகளை நாட் நல் (வெறுமையாக விட முடியாதது; நல் என்றால் மதிப்பே இல்லாத வெற்று நிலை) ஆக வைப்பதும் முக்கியம். போஸ்ட்கிரெஸ் நல் மதிப்பை எல்லாவற்றையும்விடப் பெரியதாகவும், மைஎஸ்கியூஎல் சிறியதாகவும் அடுக்கும். அதோடு நல்லை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை உண்மை என்று வராது, அந்தப் பதிவுகள் அடுத்த பக்கத்துக் குவெரியில் ஓசையில்லாமல் உதிர்ந்துவிடும்.

படி 2: லிமிட், ஆஃப்செட் எங்கே போதும், எங்கே போதாது

எல்லோரும் தொடங்கும் முறை இது (ஆஃப்செட் என்பது தொடக்கத்தில் எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்ற எண்):

செலக்ட் ஐடி, நேரம், தொகை ஃப்ரம் பில்கள் வேர் கடை_ஐடி = 7 ஆர்டர் பை நேரம் டெஸ்க், ஐடி டெஸ்க் லிமிட் 20 ஆஃப்செட் 40

20 பதிவு கொண்ட மூன்றாம் பக்கம். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் மூன்றிலும் இது அப்படியே ஓடும். எஸ்கியூஎல் சர்வரில் 2012 பதிப்பிலிருந்து ஆஃப்செட் ஃபெட்ச் என்ற வடிவம் உண்டு, ஆரக்கிளில் 12சி பதிப்பிலிருந்து. அதற்கு முந்தைய ஆரக்கிள் குவெரிகளைப் பராமரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரோநம் என்ற பதிவு எண், வரிசைப்படுத்துவதற்கு முன்பே ஒட்டப்பட்டுவிடும். ஆகவே வரிசைப்படுத்தலை உள் குவெரியில் முடித்துவிட்டு வெளியேதான் ரோநம் பார்க்க வேண்டும்.

சரி, ஆஃப்செட் 1000000 என்று கேட்டால் உள்ளே என்ன நடக்கிறது? பத்து லட்சமாவது பதிவு எங்கே இருக்கிறது என்று இன்டெக்ஸுக்குத் தெரியாது. பி-ட்ரீ இன்டெக்ஸ் மதிப்பைத் தேடித் தரும். எத்தனையாவது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதனால் டேட்டாபேஸ் முதலிலிருந்து 10,00,020 பதிவுகளை நடந்து கடந்து, 10,00,000-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதி 20-ஐ உங்களிடம் கொடுக்கிறது. அடுத்த பக்கத்துக்கும் இதே நடை, கூடவே இன்னொரு 20. தாண்டிய பதிவுகளையும் சர்வர் கணக்கிட்டே ஆகவேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது.

வேகம் குறைவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நகர்வு தெரியாது. ஒருவர் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று புதிய பில் வந்தால் எல்லாம் மூன்று இடம் கீழே தள்ளப்படும். இரண்டாம் பக்கத்தின் முதல் மூன்றும் ஏற்கெனவே பார்த்தவை. இதாவது பரவாயில்லை. பட்டியலிலிருந்து பதிவுகள் விலகினால் பார்க்காத பில்கள் மேலே ஏறி, முதல் பக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

இதன் கொடிய வடிவம் பின்னணி வேலைகளில் வரும். நிலை 'நிலுவை' என்று இருப்பவற்றை நூறு நூறாக எடுத்து, முடித்ததும் நிலையை மாற்றும் ஒரு ஸ்கிரிப்ட். முதல் நூறு முடிந்தது. அவை பட்டியலிலிருந்து விலகிவிட்டன. இப்போது ஆஃப்செட் 100 என்று கேட்டால் மிச்சமிருப்பதில் முதல் நூறைத் தாண்டிவிடுகிறோம். இப்படியே போய், மொத்தத்தில் பாதி தொடப்படாமலே வேலை 'வெற்றி' என்று முடிந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. உங்கள் புராஜெக்டில் இப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

ஆஃப்செட்டை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. சில ஆயிரம் பதிவுகளுக்குள் அடங்கும், அடிக்கடி மாறாத பட்டியலுக்கு அது தாராளமாகப் போதும். கிளைகளின் பட்டியல், பணியாளர் பட்டியல் போன்றவற்றுக்குக் கர்சர் (விட்ட இடத்தைக் குறித்து வைக்கும் முறை, படி 4-இல் வரும்) எழுதுவது வீண் வேலை.

படி 3: இன்டெக்ஸ்

நம் குவெரிக்கு வேண்டிய இன்டெக்ஸ் (கடை_ஐடி, நேரம், ஐடி). சமம் என்று வடிகட்டும் ஃபீல்டு முதலில், அதன்பின் வரிசைக்கான ஃபீல்டுகள் ஆர்டர் பையில் உள்ள அதே அடுக்கில். இப்படி இருந்தால் கடை 7-இன் பில்கள் எல்லாம் இன்டெக்ஸில் ஒட்டிக்கொண்டு, ஏற்கெனவே நேர வரிசையில் இருக்கும். தனியாக அடுக்க வேண்டியதே இல்லை. பின்னாலிருந்து படித்தால் டெஸ்க் வரிசை கிடைத்துவிடும், அதற்கென்று தனி இன்டெக்ஸ் தேவையில்லை. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபியில், இரண்டாம் நிலை இன்டெக்ஸ் ஒவ்வொன்றிலும் பிரைமரி கீ (இங்கே ஐடி) தானாகவே கடைசியில் சேர்ந்திருக்கும், எனவே அங்கே (கடை_ஐடி, நேரம்) மட்டும் போட்டாலும் நடக்கும். போஸ்ட்கிரெஸில் ஐடியை நாமே எழுத வேண்டும்.

போட்டபிறகு, குவெரி உள்ளே எப்படி ஓடுகிறது என்ற திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் ஓட்டிப் பாருங்கள். திட்டத்தில் 'சார்ட்' என்ற வரி இருந்தால் இன்டெக்ஸ் பொருந்தவில்லை. மைஎஸ்கியூஎல்லின் சாதாரண எக்ஸ்பிளெயினில் 'யூசிங் ஃபைல்சார்ட்' என்று வரும். மைஎஸ்கியூஎல் 8.0.18 முதல் எக்ஸ்பிளெயின் அனலைஸ் அங்கேயும் உண்டு.

படி 4: விட்ட இடத்திலிருந்து தொடர்வது

ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் தான் 41-ஆவது ஆள் என்று எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. 'அந்தப் பச்சைப் புடவை அம்மாவுக்கு அடுத்து நான்' என்று நினைவில் வைத்துக்கொள்கிறார். முன்னால் இரண்டு பேர் விலகினாலும் அவர் இடம் குழம்பாது. கீசெட் பேஜினேஷன், அதாவது கர்சர் பேஜினேஷன், செய்வது இதையேதான்: பக்கத்தின் கடைசிப் பதிவு எது என்று நினைவில் வைத்து, அதற்கு அடுத்தவற்றைக் கேட்பது.

செலக்ட் ஐடி, நேரம், தொகை ஃப்ரம் பில்கள் வேர் கடை_ஐடி = 7 அண்ட் (நேரம், ஐடி) < ('2025-03-14 18:22:05.417093', 884213) ஆர்டர் பை நேரம் டெஸ்க், ஐடி டெஸ்க் லிமிட் 21

இன்டெக்ஸ் நேராக அந்த இடத்துக்கு இறங்கி, அங்கிருந்து 21 பதிவுகளைப் படித்துவிட்டு நிற்கும். நீங்கள் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறீர்களா, ஐம்பதாயிரமாவது பக்கத்திலா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 20 காட்ட 21 எதற்கு? இருபத்தொன்றாவது கிடைத்தால் அடுத்த பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைத் திரையில் காட்டாமல் விட்டுவிட்டு, இருபதாவது பதிவின் நேரத்தையும் ஐடியையும் கர்சராக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டை எழுதுவதில்தான் அதிகம் சறுக்குவார்கள். நேரம் < அ அண்ட் ஐடி < ஆ என்று பிரித்து எழுதுவது தவறு. ஒரு கிளையில் இணையம் போய், மதியம் போட்ட பில்கள் இரவில் சர்வருக்கு வருகின்றன என்றால் அவற்றின் நேரம் பழையது, ஐடி பெரியது. அந்தக் குவெரி அவற்றை மொத்தமாக விழுங்கிவிடும். இரண்டையும் ஒரே ஜோடியாக ஒப்பிட வேண்டும்: முதலில் நேரம், நேரம் சமமானால் மட்டும் ஐடி.

அடைப்புக்குறிக்குள் ஜோடியாக எழுதும் வடிவத்தைப் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸோடு நன்றாகப் பயன்படுத்தும், எஸ்கியூலைட்டில் 3.15 முதல் உண்டு. எஸ்கியூஎல் சர்வரில் அந்த வடிவமே கிடையாது. மைஎஸ்கியூஎல் அதைப் புரிந்துகொள்ளும், ஆனால் இன்டெக்ஸை முழுதாகப் பயன்படுத்தாமல் போகலாம். இந்த இரண்டுக்கும் விரித்து எழுதுங்கள்:

நேரம் <= அ அண்ட் (நேரம் < அ ஆர் ஐடி < ஆ)

முதல் பாதி இன்டெக்ஸில் எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும். அடைப்புக்குள் இருப்பது சமமான நேரங்களை மட்டும் சலித்துத் தரும். ஒரு ஃபீல்டு ஏறுமுகம், மற்றது இறங்குமுகம் என்று வைத்தால் ஜோடி ஒப்பீடு வேலை செய்யாது. அதனால்தான் படி 1-இல் ஒரே திசை என்று சொன்னேன்.

இந்த முறையாலும் தீராத ஒன்று உண்டு. 'கடைசியாகத் திருத்திய நேரம்' போல மாறிக்கொண்டே இருக்கும் ஃபீல்டில் வரிசைப்படுத்தினால், பயனர் படித்துக்கொண்டிருக்கும்போதே பதிவு இடம் மாறிவிடும். முடிந்தவரை மாறாத ஃபீல்டையே தேர்ந்தெடுங்கள். ஐடி யூயூஐடி (வரிசை எண்ணுக்குப் பதிலான நீண்ட தனித்துவ அடையாளம்) ஆக இருந்தால், அதன் பதிப்பு 4 கிட்டத்தட்ட முழுக்க எழுந்தமானம். சமத்தை முறிக்க உதவும், கால வரிசைக்கு உதவாது. 2024-இல் ஆர்எஃப்சி 9562 வரையறுத்த பதிப்பு 7, நேரத்தை முன்னால் வைப்பதால் இரண்டுக்கும் ஆகும்.

படி 5: கர்சரை வெளியே அனுப்புவது

நேரத்தையும் ஐடியையும் ஜேசனாக்கி, யூஆர்எல்லுக்கு ஏற்ற பேஸ்64 ஆக மாற்றி, 'அடுத்தது' என்ற பெயரில் அனுப்புவது வழக்கம். பேஸ்64 ஒரு பூட்டு அல்ல, யாரும் பிரித்துப் படிக்கலாம். கடை_ஐடியைக் கர்சரிலிருந்து எடுத்து நம்பிவிடக் கூடாது. யாருக்கு எந்தக் கடை என்பதை ஒவ்வொரு கோரிக்கையிலும் லாகின் தகவலிலிருந்தே சரிபார்க்க வேண்டும். மாற்றி எழுதாமல் தடுக்க ஹெச்மேக் (ரகசியச் சாவியால் உருவாக்கும்) கையொப்பம் சேர்க்கலாம். எந்த வடிகட்டலுக்கு, எந்த வரிசைக்கு உருவான கர்சர் என்பதையும் உள்ளே குறித்து வையுங்கள். 'நிலுவை' பட்டியலின் கர்சரை 'ரத்து' பட்டியலுக்குக் கொடுத்தால் மறுத்துவிட வேண்டும், தவறான பக்கத்தைத் தரக் கூடாது. லிமிட்டுக்கும் உச்சவரம்பு வேண்டும். இல்லாவிட்டால் யாராவது பத்து லட்சம் கேட்பார்கள்.

கண்டுபிடிக்கவே கடினமான பிழை ஒன்று இந்தப் படியில்தான் ஒளிந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோவிநாடிவரை, அதாவது புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம், சேமிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிவிநாடியோடு நின்றுவிடும், மூன்று இலக்கம். .417093 என்ற நேரம் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) சர்வர் வழியாகப் போய்வந்தால் .417 ஆகிவிடும். அடுத்த பக்கம் .417000-க்கு முந்தையவற்றைக் கேட்கும். இடையில் இருந்த பில்கள் அவ்வளவுதான். சோதனையில் சிக்காது, கூட்டம் அதிகமான நாளில் மட்டும் வரும். டேட்டாபேஸிலிருந்தே நேரத்தை எழுத்துச் சரமாக எடுத்து, தொடாமல் திருப்பி அனுப்புங்கள்.

நல்ல முன்மாதிரி வேண்டுமானால் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியின் ஏபிஐயைப் பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்களை அதில் கேட்டால், தொடர்ச்சிக்கான மதிப்பு நேரமுத்திரை, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அப்புறம் ஒரு ஐடி என்று வரும். நாம் மேலே கட்டிய அதே ஜோடிதான். ஒரு கோரிக்கைக்குச் சாதாரணப் பயனருக்கு 500, பாட் எனப்படும் தானியங்கிக் கணக்குகளுக்கு 5,000 என்று வரம்பும் உண்டு.

முந்தைய பக்கம்

பக்கத்தின் முதல் பதிவை எடுத்து, < என்பதை > ஆக்கி, ஆர்டர் பையையும் தலைகீழாக்கி 21 எடுங்கள். இருபத்தொன்றாவது வந்தால் அதை விட்டுவிட்டு, மீதி இருபதை நிரலில் திருப்பி அடுக்கிக் காட்டுங்கள். ஆர்டர் பையை மாற்ற மறந்தால் முந்தைய பக்கத்துக்குப் பதில் பட்டியலின் உச்சிக்கே போய்விடுவீர்கள்.

படி 6: 'மொத்தம் எத்தனை?'

குவெரியை எவ்வளவு வேகமாக்கினாலும், கூடவே ஒரு கவுண்ட் (மொத்தத்தை எண்ணும் குவெரி) ஓடினால் பலன் போய்விடும். மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்பு முறையான மைஐசாம் மொத்த எண்ணிக்கையைத் தனியாக எழுதி வைத்திருந்தது. இன்னோடிபியிலும் போஸ்ட்கிரெஸிலும் அப்படி வைக்க முடியாது. ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் (ஒன்றாகச் சேர்ந்து முடியும் வேலைத் தொகுதிக்கும்) கண்ணில் படும் பதிவுகள் வேறு வேறு, எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. அதனால் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

பயனருக்கு உண்மையில் என்ன தேவை என்று கேளுங்கள். '1000-க்கு மேல்' என்று காட்டினால் போதும் என்றால், உள் குவெரியில் லிமிட் 1001 வைத்து அதை எண்ணுங்கள். ஆயிரத்தோடு வேலை நின்றுவிடும். வடிகட்டல் இல்லாத முழு டேபிளுக்குத் தோராயம் போதுமென்றால் போஸ்ட்கிரெஸின் பிஜி_கிளாஸ் என்ற உள் டேபிளில் ரெல்டப்பிள்ஸ் என்ற ஃபீல்டு இருக்கிறது. சரியான எண்ணே வேண்டுமென்றால் தனி டேபிளில் பராமரியுங்கள். மீடியாவிக்கி பகுப்புப் பக்கத்தில் ஒரு தடவைக்கு 200 பக்கங்களைத்தான் காட்டும், ஆனால் மொத்த எண்ணிக்கையைப் பகுப்புக்கென்று உள்ள டேபிளில் சேமித்து வைத்திருக்கிறது.

ஃபிரேம்வொர்க்குகளிலும் இதைக் கவனியுங்கள். ஸ்பிரிங் டேட்டாவில் பேஜ் என்று கேட்டால் கவுண்ட்டும் ஓடும், ஸ்லைஸ் என்று கேட்டால் ஓடாது. லாரவெல்லில் பேஜினேட் எண்ணும், சிம்பிள்பேஜினேட் எண்ணாது, கர்சர்பேஜினேட் நாம் படி 4-இல் செய்ததைச் செய்யும். ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் கர்சர்பேஜினேஷன் தயாராகவே உண்டு.

ஹைபர்நேட் (ஜாவா நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் கருவி) பயன்படுத்துவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. பில்லோடு அதன் பொருட்களையும் ஜாயின் ஃபெட்ச்சில் இழுத்து, அதன் மேல் பேஜினேஷன் வைத்தால், முழு விடையையும் மெமரிக்குள் ஏற்றி அங்கே வெட்டும் என்று லாகில் ஒரு எச்சரிக்கை வரும். அதைக் கண்டால் விடாதீர்கள். முதல் குவெரியில் 20 பில்களின் ஐடி மட்டும், இரண்டாவதில் அந்த ஐடிகளுக்கான பொருட்கள் என்று பிரியுங்கள்.

படி 7: பக்க எண்தான் வேண்டும் என்றால்

சில சமயம் 1, 2, 3 என்று எண் வேண்டும் என்பார்கள், மறுக்க முடியாது. அப்போது ஆஃப்செட்டையே வைத்துக்கொண்டு சுமையைக் குறைக்கலாம். உள் குவெரி ஐடிகளை மட்டும் இன்டெக்ஸிலிருந்து எடுக்கட்டும், வெளிக் குவெரி அந்த 20 ஐடிகளுக்கு மட்டும் முழுப் பதிவைக் கொண்டுவரட்டும். தாண்டும் பதிவுகளின் முழு உடலையும் படிக்கும் செலவு மிச்சம், மைஎஸ்கியூஎல்லில் இது நன்றாகவே தெரியும். நடை மட்டும் அப்படியேதான் இருக்கும். அதனால் ஆழத்துக்கு ஒரு வரம்பும் போடுங்கள். தேடல் இயந்திரமான எலாஸ்டிக்சர்ச்சே 10,000 முடிவுகளுக்கு மேல் இந்த வழியில் போக இயல்பாக விடாது, அதற்கு மேல் சர்ச் ஆஃப்டர் என்ற கர்சர் முறைக்குத்தான் அனுப்புகிறது.

என் கருத்தில் இன்னும் நல்ல வழி, பக்க எண்ணைக் கேட்பவரிடம் எதைத் தேடுகிறீர்கள் என்று விசாரிப்பது. 3,412-ஆம் பக்கம் யாருக்கும் வேண்டியதில்லை. போன தீபாவளி வாரத்துப் பில்கள்தான் வேண்டும். ஒரு தேதிப் பெட்டியை வைத்து, அந்தத் தேதியையே கர்சராகக் கொடுத்தால் இன்டெக்ஸ் நேரே அங்கே இறங்கும்.

திரையைப் பற்றி இரண்டே வார்த்தை. கர்சரை யூஆர்எல்லில் வையுங்கள், பில்லைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வருபவர் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். முடிவில்லாமல் உருளும் பட்டியலைவிட 'மேலும் காட்டு' பட்டன் நல்லது, பக்கத்தின் அடிப்பகுதியை எட்ட முடியும், கீபோர்டில் வேலை செய்வோருக்கும் எளிது.

படி 8: இன்னொரு சிஸ்டத்துக்குப் பதிவுகளை இழுக்கும்போது

கணக்கு சாஃப்ட்வேர் ஒன்று ஒவ்வொரு நிமிடமும் 'ஐடி > கடைசியாக வந்தது' என்று கேட்டுப் புதிய பில்களை எடுக்கிறது என்று வையுங்கள். பார்க்கப் பிழையே இல்லாத குவெரி. ஆனால் ஐடி வழங்கப்படுவது பதிவைச் செருகும் கணத்தில், அது மற்றவர் கண்ணுக்குத் தெரிவது கமிட் ஆன (டிரான்ஸாக்ஷன் உறுதியான) பிறகு. ஐடி 500 வாங்கிய டிரான்ஸாக்ஷன் தாமதமாகி, 501 முதலில் கமிட் ஆகிவிட்டால், இழுப்பவர் 501-ஐ எடுத்துக்கொண்டு அடுத்த முறை அதற்கு மேல்தான் கேட்பார். 500 அவருக்கு எப்போதும் கிடைக்காது. கர்சர் சரியாக எழுதப்பட்டிருந்தும் நடக்கும் இழப்பு இது. சில நிமிடம் பின்னால் போய் மறுபடி எடுத்து, ஏற்கெனவே உள்ளவற்றைத் தவிர்ப்பது எளிய வழி. அதிகம் தாமதமாகும் டிரான்ஸாக்ஷனைவிட அந்த இடைவெளி பெரியதாக இருக்க வேண்டும்.

படி 9: சோதனை

சாதாரணத் தரவில் சோதித்தால் எல்லாமே பச்சையாக வரும். வேண்டுமென்றே கடினமான தரவைச் செய்யுங்கள்: ஒரே நேரமுத்திரையுடன் 50 பில், பக்க அளவு 20. மில்லிவிநாடி ஒன்றாகவும் மைக்ரோவிநாடி வேறாகவும் உள்ள சில பில். பழைய நேரம், புதிய ஐடி கொண்ட சில. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நடந்து, கிடைத்த ஐடிகளை டேபிளில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். ஒன்றும் குறையக் கூடாது, ஒன்றும் இரட்டிக்கக் கூடாது. பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு அதே நடை. மூன்றாவதாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு புதிய பில்லைச் செருகி, ஏற்கெனவே பார்த்த ஒன்றை அழித்துக்கொண்டே நடங்கள். இதிலும் தொடக்கத்தில் இருந்த பில்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வர வேண்டும். மொத்தம் சரியாக 40 பதிவு உள்ள கடைக்கு இரண்டாம் பக்கத்தில் 'அடுத்தது' பட்டன் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் இருபத்தொன்றாவது பதிவைக் கேட்பதற்குப் பதில், இருபது வந்ததை வைத்தே முடிவெடுக்கும் வரி எங்கோ இருக்கிறது.